"பயப்படாத கண்ணு" என்றதும் ஏறிய நாடித்துடிப்பு

எங்கள் கல்லூரித் தமிழ் மன்றத்தில் அன்றைக்குப் பத்துப் பதினைந்து பேர் பேசினார்கள். ஆறாவதாக வந்தவள் பி.காம். இரண்டாம் ஆண்டு மாணவி. "அவையோர்க்கு என் முதற்கண் வணக்கம்" என்று கணீரென்று ஆரம்பித்தாள். அடுத்த நான்கு வரி தடங்கல் இல்லாமல் வந்தது. ஐந்தாவது வரியில் "ஆகவே" என்றாள். மறுபடியும் "ஆகவே" என்றாள். அப்புறம் எதுவும் வரவில்லை. நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டு நின்றாள். முன்வரிசையில் இருந்த ஆசிரியர்கள் நாங்கள் எல்லாரும், நானும் சேர்ந்துதான், "பயப்படாத கண்ணு, பேசு பேசு" என்று ஒரே நேரத்தில் சொன்னோம். எங்களை ஒருமுறை பார்த்தாள். கண் கலங்கியது. இறங்கிப் போய்விட்டாள்.

பின்னாலேயே போய்க் கையைப் பிடித்தேன். மாசி முடிந்து வெயில் ஏறத் தொடங்கியிருந்த நேரம். மின்விசிறி ஓடியும் அரங்கில் எல்லாருக்கும் வியர்த்துக்கொண்டிருந்தது. அவள் விரல்கள் மட்டும் ஐஸ் தண்ணியில் ஊறியதுபோல் இருந்தன.

அந்தச் சில்லிட்ட விரல்களில் தொடங்கி ஏழு மாதம் நானும் அவளும் அவள் தோழியும் சேர்ந்து செய்து பார்த்ததை இங்கே எழுதுகிறேன். அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயரும் கல்லூரியும் வேண்டாம். ஈரோட்டுப் பக்கம் காலிங்கராயன் வாய்க்கால் ஓரத்து ஊர்க்காரி என்று மட்டும் சொல்லலாம் என்றாள். இந்த விஷயத்தில் அந்த வாய்க்காலுக்கும் ஒரு பங்கு உண்டு.

குரல் இல்லாதவள் அல்ல

அவள் அப்பாவும் அம்மாவும் விசைத்தறி ஓட்டுகிறவர்கள். லீவு நாட்களில் இவளும் தறிக்குடோனுக்குப் போய் நிற்பாள். தறி ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதே காதில் விழாது. அந்தச் சத்தத்துக்கு மேலே "அப்பா, இழை அறுந்துருச்சு" என்று நாலு தறி தள்ளி நிற்கிறவருக்குக் கேட்கும்படி கூப்பிடுகிற தொண்டை அவளுக்கு. ஊரில் நோம்பி வந்தால் கும்மிப் பாட்டை எடுத்துக் கொடுக்கிறவளும் இவள்தான். ஆகவே "கூச்ச சுபாவம்" என்று எங்கள் துறையில் சிலர் சொன்னதை நான் ஏற்கவில்லை. குரலும் இருந்தது, சொல்ல விஷயமும் இருந்தது. மேடையில் நின்ற அந்தக் கொஞ்ச நேரம் உடம்புதான் ஒத்துழைக்கவில்லை.

என்னிடம் கருவி எதுவும் கிடையாது. மணிக்கட்டில் விரல் வைத்து 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குவது மட்டும்தான் நான் செய்தது. சும்மா இருக்கும் நேரத்தில் மூன்று நாள் எண்ணிப் பார்த்தேன். 19 வந்தது, ஒரு நாள் 18. அதாவது நிமிடத்துக்கு 76க்குப் பக்கம். அதோடு, பேசுவதற்கு முன்னும் பின்னும் உடம்பில் என்னென்ன தெரிகிறதோ அதை ஒரு நோட்டில் எழுதச் சொன்னேன். முதல் பக்கத்தில் அவள் எழுதியிருந்தது இது:

"பேர் கூப்புடறதுக்கு முன்னாடியே வயிறு பெசையுது. வாய் காஞ்சு நாக்கு மேல ஒட்டிக்குது. கை சில்லுனு ஆயிருது. மூச்சு பாதிதான் உள்ள போகுது. பேச ஆரம்பிச்சா என் கொரலே தூரத்துல யாரோ பேசற மாதிரி கேக்குது."

இத்தனை துல்லியமாக எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாது. ஆபத்து என்று மூளை முடிவு செய்த சில நொடிகளில், உடம்பை உஷார்ப்படுத்தும் பரிவு நரம்புகள் விழித்துக்கொள்கின்றன. அட்ரினல் சுரப்பி அட்ரினலினை ரத்தத்தில் விடுகிறது. இதயம் வேகம் எடுக்கிறது. ஓடவோ சண்டை போடவோ வேண்டியிருக்கும் என்பதால் தோலுக்கும் விரல் நுனிக்கும் போகிற ரத்தம் குறைந்து பெரிய தசைகளுக்குத் திரும்புகிறது. விரல் சில்லிடுவது அதனால்தான். எச்சில் ஊறுவது குறைகிறது, நாக்கு ஒட்டுகிறது. குடலின் வேலை தாறுமாறாகிறது, வயிறு பிசைகிறது. மூச்சு நெஞ்சின் மேல்பாதியோடு நின்றுவிடுகிறது. மேடைத்தமிழில் நாம் பழக்கிவைத்திருக்கும் நீண்ட வாக்கியத்தை அந்தப் பாதி மூச்சை வைத்துக்கொண்டு சொல்லி முடிக்க முடியாது.

இது முதல் அலை. இரண்டாவது அலை மெதுவாக வரும். மூளையின் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்ல, பிட்யூட்டரி அட்ரினல் சுரப்பியின் மேலுறைக்குச் சொல்ல, கார்டிசால் என்ற ஹார்மோன் சுரக்கிறது. நெருக்கடி தொடங்கி இருபது முப்பது நிமிடம் கழித்துத்தான் அது உச்சிக்குப் போகும். தன் முறைக்காக ஒரு மணி நேரம் நாற்காலியில் காத்திருக்கும் பிள்ளைக்கு மேடையேறும் முன்பே கார்டிசால் ஏறியிருக்க இடமுண்டு. மனப்பாடம் செய்த பேச்சு ஏன் பாதியில் அறுகிறது என்பதற்கும் இதில் ஒரு விளக்கம் கிடைக்கிறது. 2000ஆம் ஆண்டில் டொமினிக் டி கெர்வெயினும் அவரோடு இருந்தவர்களும் ஒரு சோதனை செய்தார்கள். முந்தின நாள் ஒரு சொற்பட்டியலைப் படித்திருந்தவர்களுக்குக் உடம்புக்குள் கார்டிசாலாக மாறும் கார்டிசோன் மாத்திரை கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்துப் பட்டியலைச் சொல்லச் சொன்னார்கள். நினைவுக்கு வந்த சொற்கள் குறைந்தன. உள்ளே இருப்பதை வெளியே எடுக்கும் வழியில்தான் அடைப்பு. "படிச்சது எல்லாம் மறந்துபோச்சுங்கம்மா" என்று அவள் சொன்னாள். மறக்கவில்லை. அறைக்கு வந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துப் பத்து நிமிடம் உட்கார்ந்தபின் முழுப் பேச்சையும் என்னிடம் ஒப்பித்தாள்.

பேச்சுப்போட்டி உடம்பை இந்தப் பாடு படுத்தும் என்பது ஆய்வுக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். 1993இல் ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் கிர்ஷ்பாமும் பிர்க்கேயும் ஹெல்ஹாமரும் ஒரு சோதனை முறையை வகுத்தார்கள். கொஞ்ச நேரம் தயாரிப்பு, பிறகு வெள்ளைக் கோட்டுப் போட்ட நடுவர்கள் முன்னால் ஐந்து நிமிடம் பேச்சு, பிறகு 1022இலிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழித்துக்கொண்டே போக வேண்டும். தப்பு வந்தால் மறுபடி 1022. நடுவர்கள் சிரிக்கவோ தலையாட்டவோ கூடாது. எதிரில் கேமராவும் மைக்கும் இருக்கும். இதில் கலந்துகொண்டவர்களின் எச்சிலில் கார்டிசால் இரண்டு முதல் நான்கு மடங்கு ஏறியது. அதற்கப்புறம் உலகெங்கும் மன அழுத்தத்தை ஆராய இதையே எடுத்துக்கொண்டார்கள். 2004இல் டிக்கர்சனும் கெமெனியும் 208 ஆய்வக ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பிறர் நம்மை எடைபோடும் நிலையும் நம் கட்டுப்பாட்டில் இல்லாத நிலையும் சேர்ந்த இடத்தில்தான் கார்டிசால் மிக அதிகமாக ஏறுகிறது என்று கண்டார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு நம் போட்டி அரங்குகள்தான் கண்முன் வந்தன. குனிந்து மதிப்பெண் எழுதிக்கொண்டே இருக்கும் நடுவர், நாலாவது நிமிடத்தில் அடிக்கும் எச்சரிக்கை மணி, சீட்டு எடுத்து வரும் வரிசை எண். கணக்குப் போடும் பகுதி ஒன்றுதான் குறை. 16 வருடமாக மாணவர்களை இந்த நாற்காலிகளில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டு, வாயால் "தைரியமா இரு" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

அவளிடம் நாங்கள் சொன்னவை

அடுத்த வகுப்பறைப் பேச்சுக்கு முன்னால் யார் யார் என்னென்ன சொன்னார்கள் என்பதையும் நோட்டில் எழுதச் சொல்லியிருந்தேன். அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது எனக்கு வருத்தமாக இருந்தது. எல்லாமே பாசத்தில் சொன்னவை. அம்மாயி (அம்மாவைப் பெற்றவர்), "சாமி, நல்லாப் பேசி பேரு வாங்கிட்டு வா." அப்பா, "பயப்படாத, அங்க இருக்கறது எல்லாம் நம்ம புள்ளைங்கதான்." தோழி, "இதெல்லாம் ஒரு மேட்டரா புள்ள?" கடைசியாக நான், "போன தடவை மாதிரி ஆயிரக் கூடாது, சரியா கண்ணு?"

என் வாக்கியத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, தோற்ற நாளை எடுத்து அவள் முன்னால் வைத்திருக்கிறேன்.

அன்றைக்கே நடந்த ஒன்றுதான் இந்த ஆய்வின் மையம் என்று நினைக்கிறேன். வகுப்புக்கு முன் அவள் ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருந்தாள். நாடி எண்ணினேன், 26. அந்த வழியாக வந்த சக ஆசிரியர் நின்று, நல்ல மனதோடு, "இந்தத் தடவை பிச்சு ஒதறோணும் கண்ணு. பயப்படவே கூடாது. டிபார்ட்மென்ட் பேரே உன் கையிலதான் இருக்குது" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார். அவள் சிரித்து, "சரீங்க சார்" என்றாள். நான் விரலை எடுக்கவில்லை. மறுபடி எண்ணினேன். 30. நிமிடத்துக்கு 104 ஆக இருந்தது மூன்று வாக்கியத்தில் 120 ஆகியிருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை, நடக்கவில்லை, டீ குடிக்கவில்லை. காதில் விழுந்த சொல்லைத் தவிர வேறெதுவும் மாறவில்லை.

ஆறுதல் மொழியைத் தரம் பிரித்துப் பார்த்தவர் பர்டியூ பல்கலைக்கழகத்தில் இருந்த பிராண்ட் பர்ல்சன். எதிரில் இருப்பவரின் உணர்வை மறுக்கும் பேச்சைக் கீழே வைத்தார். "இதுக்கெல்லாம் பயப்படுவாங்களா" வகை. உணர்வைத் தொடாமல் வேறு எதையாவது சொல்லித் தேற்றுவது நடுவில். உணர்வைப் பேர் சொல்லி ஏற்று, அது ஏன் வந்தது என்று அவரே விரித்துச் சொல்ல இடம் கொடுப்பது மேலே. இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் அவளுக்குக் கிடைத்த நான்கில் ஒன்றுகூட மேலே வராது. பயப்படாதே என்பது கேட்பவளுக்கு ஒரு வேலையைத் தருகிறது. ஏற்கெனவே பேச வேண்டும், இப்போது பயத்தையும் மறைக்க வேண்டும். "பேரு வாங்கிட்டு வா" என்பது எடைபோடுகிறவர் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டுகிறது. நடுவர் மூன்று பேர் என்றால் அம்மாயி நாலாவது ஆள்.

கொங்குப் பக்கத்தில் பிள்ளைகளைக் கண்ணு, சாமி, தங்கம், அம்மிணி என்றுதான் கூப்பிடுவோம். அந்த விளியில் இருக்கும் இதம் பெரிய சொத்து. அந்த இதத்தோடு கூடவே ஒரு சுமையையும் கட்டி அனுப்புகிறோம் என்பதுதான் என் குறை.

மாற்றிப் பார்த்தபோது

முதலில் நான் என் வாயை மாற்றினேன். "பயமா இருக்குதா" என்று கேட்பதைக்கூட விட்டுவிட்டேன், அதற்கு இல்லை என்றுதான் பதில் வரும். "கை சில்லுனு ஆயிருச்சா?" என்று கேட்டேன். "ஆமாங்கம்மா, ரெண்டு கையும்." "எனக்கு மொத வகுப்பு எடுக்கப் போனப்ப சாக்பீஸ் நழுவி நழுவி விழுந்துச்சு. ரத்தமெல்லாம் பெரிய தசைக்குப் போயிருது, அதான். பேசி ஒரு நிமிசம் ஆனா திரும்பி வந்துரும்." இவ்வளவுதான். ஒரு நிமிடம் என்றது வாய்க்கு வந்த கணக்கு இல்லை. மேடைப் பேச்சாளர்களின் இதயத் துடிப்பை அளந்தவர்கள், பேச்சு தொடங்கும் நேரத்தை ஒட்டித்தான் உச்சி வருகிறது, பேசப் பேச இறங்குகிறது என்று கண்டிருக்கிறார்கள். இது தெரிந்ததும் அவள் கேட்டாள், "அப்ப மொத நிமிசத்தத் தாண்டிட்டாப் போதுங்களா?" போதும் என்றேன்.

ஆகவே எல்லா உழைப்பையும் அந்த முதல் நிமிடத்தில் போட்டோம். "அவையோர்க்கு முதற்கண்" என்ற பழைய படிக்கட்டை எடுத்துவிட்டோம். அது அவள் வாக்கியமும் இல்லை, மூச்சுக்கு அடங்குவதும் இல்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது என்பதில் மட்டும் இரண்டு நாள் இழுபறி. தலைப்பு கொங்கு நாட்டின் நீர் மேலாண்மை. நான் ஏதாவது சொன்னால் "சரீங்கம்மா" என்று எழுதிக்கொள்வாள், அடுத்த நாள் அதைச் சொல்லும்போது குரல் அடைக்கும். ஒரு சாயங்காலம் தோழி என்னிடம், அவளைப் பார்க்காமலே, சும்மா பேச்சுவாக்கில் சொன்னாள்: "நானா இருந்தா இவ அம்மாயி வாய்க்கால்ல துணி தொவச்ச கதையில இருந்து ஆரம்பிச்சிருவனுங்கம்மா. இவளுக்கு அது ஆயிரம் தெரியும்." பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் வந்து ஆரம்பித்தாள்: "எங்க அம்மாயி துவைக்கிற கல்லுக்கு எழுநூறு வயசு." நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

நடந்தது என்ன என்பது பின்னால்தான் புரிந்தது. 2007இல் போல்ஜரும் அமரெலும் பேச்சுக்குத் தயாராகும் மாணவிகளை வைத்து ஒரு சோதனை செய்திருக்கிறார்கள். உடன் இருந்த பெண் நேராக அந்த மாணவியிடம் திரும்பி "இப்படி ஆரம்பி, இப்படி முடி" என்று யோசனை சொன்னபோது பதற்றம் குறையவில்லை. அதே யோசனையை சோதனை நடத்துபவரிடம் சொல்வதுபோல், அவள் காதில் விழும்படி சொன்னபோது பதற்றம் குறைந்தது. நேராகத் தருகிற உதவி "உனக்கு இது வராது" என்ற செய்தியையும் சேர்த்துத் தந்துவிடுகிறது. தெரியாமல் தருகிற உதவிக்கு அந்தப் பாரம் கிடையாது. நம் வீடுகளில் இந்தக் கலை ஒன்றும் புதிதில்லை. மருமகளுக்குச் சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வார்கள் என்பதை நாம் குறையாகவே பேசிவந்திருக்கிறோம். நல்லதுக்குப் பயன்படுத்தினால் அதுவே நல்ல மருந்து.

அப்புறம் செல்போன். பயிற்சிப் பேச்சு ஒன்றைப் படம் பிடித்துக் காட்டினேன். "ஐயோ, கை கால் எல்லாம் ஒதறும், வேண்டாங்கம்மா" என்று முகத்தை மூடிக்கொண்டவள், விரல் இடுக்கில் பார்க்க ஆரம்பித்து, கடைசியில் கையை எடுத்துவிட்டாள். "எதுவுமே வெளிய தெரியலீங்களே!" உள்ளே நடப்பதெல்லாம் எதிரில் இருப்பவருக்குத் தெரிகிறது என்று பேசுகிறவர்கள் நம்பிவிடுகிறார்கள். 2003இல் சாவிட்ஸ்கியும் கிலோவிச்சும் இதைப் பேச்சாளர்களிடம் முன்கூட்டியே விளக்கிச் சொல்லிப் பார்த்தார்கள். சொல்லப்பட்டவர்கள் தங்கள் கண்ணுக்கும் கேட்டவர்கள் கண்ணுக்கும் நன்றாகவே பேசினார்கள். மன்றத்தில் அவள் கை நடுங்காமல் இருந்ததைப் பார்த்து நான் ஏமாந்ததும் இதே விஷயத்தின் மறுபக்கம்தான்.

மூச்சுக்கு ஒன்றே ஒன்று: உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்க வேண்டும். மூச்சை விடும்போது வேகஸ் நரம்பு இதயத்தை மெதுவாக்குகிறது. வாய்க்கால் மேட்டில் நின்று தண்ணீர் போவதைப் பார்ப்பதுபோல் விடு என்றேன். அவளுக்கு அது சட்டென்று பிடிபட்டது.

எல்லாம் சரியாக வந்துவிடவில்லை. ஜூலையில் துறைக் கூட்டம் ஒன்றில் பேசினாள். தோழியை முதல் வரிசையில் நடுவில் உட்கார வைத்தேன், அவளைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டிக்கொண்டே இருக்கும்படி. அது என் யோசனை. மேடையேறும் முன் 29. இறங்கியதும் 31. பேச்சை முடித்தாள், ஆனால் முழுக்க ஓட்டமாக. "அவ தலையாட்டறதப் பாத்தா, நான் எங்காச்சு உட்ருவனோன்னு அவளுக்குப் பயமா இருக்குதோன்னு தோணுதுங்கம்மா" என்றாள். தோழி அழவே ஆரம்பித்துவிட்டாள்.

அது தோழியின் தப்பில்லை. கிர்ஷ்பாம் 1995இல் செய்த ஆய்வில், பேச்சுக்கு முன் காதலியின் துணை கிடைத்த ஆண்களுக்குக் கார்டிசால் குறைந்தது. காதலனின் துணை கிடைத்த பெண்களுக்குக் கூடும் போக்குதான் தெரிந்தது. 2003இல் ஹைன்ரிக்ஸும் அவரோடு இருந்தவர்களும் 37 ஆண்களை வைத்துப் பார்த்தபோது, தயாரிப்பு நேரத்தில் நெருங்கிய நண்பர் உடனிருப்பது உதவியது. இரண்டு ஆய்விலுமே துணை என்பது பேச்சுக்கு முன்னால் கொடுக்கப்பட்டது. 2007இல் டிட்சன் பெண்களிடம் செய்த ஆய்வு இன்னும் ஒரு படி போகிறது: துணைவர் வாயால் ஆறுதல் சொன்னதில் உடம்பின் பதற்றம் குறையவில்லை, கழுத்தையும் தோளையும் பிடித்துவிட்டதில் கார்டிசாலும் குறைந்தது, இதயத் துடிப்பும் குறைந்தது. நம் அம்மாயிகள் பரீட்சைக்குப் போகும் பிள்ளையின் தலையைத் தடவி நெற்றியில் திருநீறு பூசுவதில் ஒரு சரியான அறிவு இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. "பேரு வாங்கிட்டு வா" என்ற வாக்கியத்தை மட்டும் எடுத்துவிட்டால் போதும்.

தோழியை முன்வரிசையிலிருந்து எழுப்பினோம். இனி அவள் வேலை மேடை வரை கூட நடப்பது மட்டும்.

ஈரோட்டில்

செப்டம்பரில் கல்லூரிகளுக்கிடையேயான போட்டி. அவள் அப்போது மூன்றாம் ஆண்டு. சீட்டில் வந்த எண் 14. ஒருவருக்கு ஐந்து நிமிடம், இடையில் மாறும் நேரம் எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரக் காத்திருப்பு. காலையில் வந்த தேநீரை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள், அதுவே இதயத்தைத் தட்டிவிடும் என்று அவளுக்குத் தெரியும். எட்டாவது ஆள் பேசும்போது வாசல் பக்கம் கூப்பிட்டு எண்ணினேன். 29.

"கை?"

"சில்லுனு இருக்குதுங்கம்மா."

"மொத வரி?"

"எங்க அம்மாயி தொவைக்கற கல்லுக்கு எழுநூறு வயசு."

"செரி, போதும்."

வேறெதையும் சொல்ல நான் வாயைத் திறக்கவில்லை. அதற்கு நான் என்னையே பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. தோழி அவள் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். என்ன பேசினார்கள் என்று பின்னால் கேட்டேன். ஊரில் நாய் குட்டி போட்டதைப் பற்றியாம். பதின்மூன்றாவது ஆள் பேசும்போது எண்ணியது 25.

மேடையேறினாள். அம்மாயியின் கல்லில் ஆரம்பித்து, பவானி ஆற்றில் கூடுதுறைக்குப் பக்கத்தில் அணை கட்டி, காலிங்கராயன் வாய்க்கால் வெட்டிய கதைக்குப் போனாள். 1283இல் முடிந்ததாகச் சொல்லப்படுகிற வேலை. தன் நிலத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகத்தான் வெட்டினான் என்று பழி வந்துவிடக் கூடாது என்று, தன் வம்சத்தார் யாரும் அந்தத் தண்ணீரைத் தொட மாட்டார்கள் எனச் சொல்லிக் காலிங்கராயன் பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்குக் குடிபோனதாக வழங்கும் கதையைச் சொன்னாள். அந்த இடத்தில் நடுவர் ஒருவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். சாயக் கழிவு கலந்து அம்மாயி துணி துவைப்பதை விட்ட வருடத்துக்கு வந்தாள். அங்கே நின்றது.

மூன்று நொடி. நான்கு. எச்சரிக்கை மணி வேறு அடித்தது. பின்வரிசையில் யாரோ "பேசும்மா" என்றார்கள். என் நகம் என் உள்ளங்கையில் பதிந்திருந்தது. அவள் மைக்கிலிருந்து முகத்தைக் கொஞ்சம் விலக்கி, மூச்சை நீளமாக விட்டாள். அந்தச் சத்தம் ஒலிபெருக்கியில் கேட்டது. பிறகு, "இப்ப அந்தக் கல்லு மேல பாசி இல்லீங்க, சாயந்தான் படிஞ்சிருக்கு" என்று மேடைத்தமிழை விட்டு வீட்டுத்தமிழுக்கு இறங்கி வந்து, அதிலேயே கடைசிவரை பேசி முடித்தாள்.

இறங்கியதும் 27. அடுத்த இருபது நிமிடத்துக்கு நான் ஏற்கெனவே ஒரு விதி போட்டிருந்தேன்: பேச்சைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. அட்ரினலின் இறங்கிவிட்டாலும் கார்டிசால் அப்போதுதான் உச்சியில் நிற்கும். நம் வழக்கமோ, பிள்ளை மேடையிலிருந்து இறங்கும்போதே "அந்த எடத்துல ஏன் நிறுத்துன?" என்று பிடித்துக்கொள்வது. ஓடி வந்த மாட்டை நிழலில் கட்டாமல் மறுபடி வண்டியில் பூட்டுவதுபோன்ற வேலை அது. தண்ணீர் குடித்தாள், தோழியோடு படிக்கட்டில் உட்கார்ந்தாள். மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது 20. மதியத்துக்கு மேல்தான் பேச்சைப் பற்றிப் பேசினோம், அதுவும் அவளே எடுத்ததால்.

பரிசு வரவில்லை. முதல் மூன்று பேரும் நன்றாகவே பேசினார்கள், அதில் எனக்குக் குறையில்லை.

இதை எவ்வளவு தூரம் எடுத்துக்கொள்வது

இது ஒரே ஒரு மாணவியின் கதை. நாடி என்பது கார்டிசால் அல்ல. மாடிப்படி ஏறினாலும் அது கூடும், வெயிலில் நின்றாலும் கூடும். ஏழு மாதத்தில் அவள் ஒன்பது முறை பேசினாள், திரும்பத் திரும்பச் செய்ததாலேயே உடம்பு பழகியிருக்கும். அந்தப் பங்கு கணிசமானது என்றே நினைக்கிறேன். ஆனால் ஆசிரியர் அறையில் 26 ஆக இருந்தது 30 ஆனதற்கும், வராந்தாவில் 29 ஆக இருந்தது 25 ஆனதற்கும் பழக்கம் காரணமாக இருக்க முடியாது. ஒன்றில் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மற்றதில் அவள் நடந்துகொண்டிருந்தாள், சும்மா உட்கார்ந்திருந்தவளைவிட நடக்கிறவளுக்குத் துடிப்பு கூட வேண்டும், குறைந்திருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். துடிப்பை முழுக்க இறக்குவது எங்கள் நோக்கமே இல்லை. 2014இல் அலிசன் உட் புரூக்ஸ் என்ற ஆய்வாளர், பேசப்போகிறவர்களை "நான் அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லவைப்பதைவிட "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று சொல்லவைத்தபோது பேச்சு நன்றாக இருந்ததைக் காட்டினார். துடிப்பு குறைந்ததால் அல்ல, அது ஏறியபடியேதான் இருந்தது. இவளும் இறங்கும்போது 27இல்தான் இருந்தாள். அன்றைக்கு மன்றத்தில் என்றால் அதே 27இல் ஓடிவந்திருப்பாள்.

இப்போதெல்லாம் நடுவராகப் போகும் இடத்தில் முதல் நிமிடம் பேனாவைத் தொடுவதில்லை. பேசுகிற பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மதிப்பெண்ணை அடுத்த நான்கு நிமிடத்தில் போட்டுக்கொள்ள முடிகிறது. எங்கள் கல்லூரிப் போட்டிகளில் எச்சரிக்கை மணியையும் எடுத்துவிட்டோம், பேசுகிறவருக்குத் தெரிகிற இடத்தில் ஒரு கடிகாரம் வைக்கிறோம். அதற்கே துறையில் இரண்டு கூட்டம் தேவைப்பட்டது.

படிப்பு முடிந்து அவள் ஒரு வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனாள். காத்திருக்கும் நேரத்தில் போன் செய்தாள்.

"அம்மா, கை சில்லுனு ஆயிருச்சுங்க."

"ரெண்டுமா?"

"ரெண்டுந்தானுங்க. பரவால்லீங்கம்மா, மொத வரி இருக்குது. கூப்புடறாங்க, வெக்கறனுங்க."